கைநாட்டுக்காரர்கள் அந்தப்பக்கம்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. பலா காய்த்தும் புளி பொய்த்துப்போன வருஷம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி மலர் எழுதுகிறாள்.

இவளும் இவள் அம்மா, என் மகள் மல்லிகாவும் வாணியம்பாடியில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்தார்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டதாம். இன்று மல்லிகாவை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டாவது படித்த மலருக்கு வேலை இருக்கிறது.

"கையெழுத்துப் போடறவங்க இந்தப்பக்கம், கைநாட்டுங்க அந்தப்பக்கம்னு பிரிச்சிட்டாங்க நைனா," என்றாள் மல்லிகா. "பதினோரு வருசமா தோலு தைச்சேன், அதுக்கு இன்னா மரியாதை பாத்தியா? ஆடு மேய்க்கன்னுதானே என்னை இஸ்கூல்ல இருந்து நிறுத்துனே? இப்ப அந்த ஆட்டையாச்சும் குடு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடுகளை மலரின் படிப்புக்காக விற்றாகிவிட்டது. இதை எழுதும்போது மலரின் கை நின்றது. எழுது என்றேன்.

யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் மலை ஆட்களை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்ட மேஸ்திரிகள் மூன்று பேர். கோவிந்தன் செத்துவிட்டான். பெரியதம்பியும் போய்விட்டான். உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். இன்று மல்லிகாவுக்குப் பின்னால் அதே கைநாட்டு வரிசையில் நின்றாராம், காசிம் பாய்.