நான் அடித்த வரி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்கவேண்டும், இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலைய வாசலில் கேட்டாயே, அப்பாவை ஏன் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை என்று. நேரமாகிறது, உள்ளே போ என்று அனுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், கோபப்பட்டாலும் முழுக்கப் படி.

போன பட்ஜெட்டில் வயதானவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்த சலுகையை அரசாங்கம் குறைத்துவிட்டது, உடனே பிரீமியம் ஏறிவிட்டது. விட்டுத்தொலைக்கலாம் என்றால் காப்பீடு இல்லாதவர்களுக்கான தனி வரியையும் கூட்டியிருந்தார்கள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. உன்னிடம் கேட்போம் என்றேன், இப்போதுதான் வீடு வாங்கியிருக்கிறான், அவன் தலையில் கட்டாதே என்றுவிட்டார் அப்பா. கடைசியில் மலிவுத் திட்டம் ஒன்றுக்கு மாறினோம். இருவருக்கும் ஒரே படிவம், அதில் ஆறு வியாதிகள், மூன்றை அடித்துவிட வேண்டும், அடித்ததற்குக் காப்பீடு கிடையாது. நம் வீட்டில் எப்போதும் அவர் சொல்வார், நான் எழுதுவேன், உனக்குத்தான் தெரியுமே. லிஃப்ட் மெக்கானிக்காகப் பத்து மாடி ஏறி இறங்கின மனிதர், "என் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, அதை அடி. உன் முழங்காலை மட்டும் தொடாதே" என்றார். எல்லாவற்றுக்கும் மறுபேச்சு பேசுகிறவள் அன்றைக்குப் பேசவில்லை. கால்வலி அப்படி. ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டேன்.

திட்டம் மாறின நாலாம் மாதம் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. பழைய திட்டத்துக்கே மாறுகிறோம் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தேன், மாறினாலும் இதயத்துக்குப் பன்னிரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றாள் போனை எடுத்த பெண். வீட்டை விற்றுத் தனியாரில் பார்ப்போம் என்று அழுதேன், அவர் கேட்கவில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒன்பதாவது வாரம் போய்விட்டார். நீ கிளம்பின மறுநாள் அவருக்கு ஆபரேஷன் தேதி குறித்துக் கடிதம் வந்தது. அதை யாரிடம் கொடுப்பேன், சொல்.

என் முழங்கால் ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பத்தாம் தேதி. வேண்டாம் என்று சொல்லப் போனை எடுக்கிறேன், அவர் விட்டுக்கொடுத்ததை வீணாக்குவதா என்று வைத்துவிடுகிறேன். செய்துகொண்டால் அவர் உயிரை வாங்கிக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. திட்டுவதானால் திட்டு, ஆனால் திட்டிவிட்டு என்ன செய்யட்டும் என்று சொல்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் சேர்ந்து இருங்கள். உங்களுக்கும் இப்படிப் படிவம் வந்தால் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதாதீர்கள். பத்தாம் தேதிக்குள் போன் செய், எடுத்ததும் அம்மா என்று கூப்பிடு, அதுபோதும்.

இப்படிக்கு,
உன் அம்மா