நூற்றிருபது கம்பளச் சதுரங்கள்

சேசு மரி சூசை

ஓசூர் தாலுகா,
20-2-1969

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு மேரிராணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் மகள் அருள்மேரியும் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். தேஜ்பூர் முகாமில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே.

உங்கள் தங்கை ராஜாத்தியின் கல்யாணம் ஐந்தாம் தேதி முடிந்தது. மாப்பிள்ளை சகாயநாதன் நல்ல மாதிரி. சாமல்பட்டி ரயில் ஸ்டேஷனில் அவர் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். எல்லாம் நல்லபடி நடந்தது என்று அத்தை உங்களுக்குக் கார்டு போட்டார்கள். அது முழு உண்மை இல்லை. நம் சாமியாரும் உங்களுக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் என்னைப் பற்றித்தான் இருக்கும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கோயில் நடுவில் வாசலிலிருந்து பீடம் வரை போட்டிருந்த கம்பளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹாலந்துக்குத் திரும்பிப் போன பழைய சாமியார் அனுப்பியது. ஒரே விரிப்பாக இல்லாமல் ஒன்றரை அடிச் சதுரங்களாக, பசை போடாமல் ஒன்றையடுத்து ஒன்றாக வைப்பது. மொத்தம் நூற்றிருபது. மூன்று வருஷமாக அதை யாரும் சுத்தம் செய்யவில்லை. போன ஐப்பசியில் ஓடு மாற்றுகிறோம் என்று கூரையைப் பிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சேறு, வௌவால் எச்சம், மெழுகு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து கம்பளம் எருமைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. என்ன நிறம் என்றே யாருக்கும் தெரியவில்லை.

நான் கல்யாணத்துக்கு முன் பெங்களூர் கண்டோன்மென்டில் பெரிய ஓட்டலில் கம்பளம் சுத்தம் செய்தவள் என்று யாரோ சாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டனுப்பினார். “நீ இதைச் சுத்தம் பண்ணிக் குடும்மா, ராஜாத்தி கல்யாணத்துக்குப் புதுசு மாதிரி விரிச்சிடலாம்” என்றார். கோயில் காரியம், கூலி பேசவில்லை. மறுநாளே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போனேன்.

எட்டு நாள் வேலை. ஓட்டல் மேஸ்திரி வெங்கடப்பன் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட நான் விடவில்லை. சதுரங்களைப் பெயர்த்து ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்கட்டியால் நம்பரும், கம்பளத்தின் முடி சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு ஒரு அம்புக்குறியும் போட்டேன். பிறகு சாக்கின்மேல் குப்புறப் போட்டுப் பிரம்பால் அடித்தேன். மண் உலர்ந்தபடியே போக வேண்டும். முதலிலேயே தண்ணீர் பட்டால் சேறு அடிவரைக்கும் இறங்கிவிடும், அப்புறம் எந்த வித்தையும் செல்லாது. மூன்று நாள் அடித்ததில் கூடை கூடையாக மண் வந்தது. நம் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா நம் மதம்கூட இல்லை, அவள்தான் கூட நின்று அடித்தாள். நம் கோயில் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மெழுகை மழுங்கின கரண்டியால் சுரண்டி, மேலே பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரிப்பெட்டியை லேசாக ஒற்றினேன். மெழுகு காகிதத்துக்கு ஏறிவிட்டது. எண்ணெய்க் கறையில் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவி ஒரு நாள் விட்டுத் தட்டினேன். அதற்கப்புறம்தான் பூந்திக்கொட்டை. உத்தனப்பள்ளியிலிருந்து வாங்கி வந்து ஊறவைத்து, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் அள்ளித் தேய்த்தேன். உடனே பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் செங்குத்தாகச் சாய்த்துக் காயவைத்தேன். வெயிலில் போட்டால் முனை சுருண்டுவிடும். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து, சோறு பிசைய முடியாமல் அருள்மேரிதான் எனக்கு ஊட்டினாள்.

எட்டாம் நாள் நல்ல பச்சை நிறம் வந்தது. நம்பர்படி விரித்து முடித்ததும் சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

நம் ராஜாத்தி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மேலத்தெரு நாட்டாண்மை சின்னப்பரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண் அந்தக் கம்பளத்தில்தான் நடந்து போனாள். யாரோ சர்பத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று, மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடி வந்தான். நானே போய் சர்பத் பட்ட இரண்டு சதுரத்தையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். கத்தி முனையை விட்டு எப்படி நெம்பினால் பக்கத்துச் சதுரம் நகராது என்று அவனுக்கும் காட்டிக் கொடுத்தேன்.

ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ராஜாத்தியைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனோம். உள்ளே வெறும் சிமெண்டுத் தரை. ஒரு சதுரம்கூட இல்லை. அத்தனையும் பீடத்துக்குப் பின்னால் பூசை அறையில் அடுக்கிக் கிடந்தது. கோயில்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னப்பர்தான் வந்து சொன்னார். “பதினாறாந்தேதி பிஷப்பு வர்றாரு. அதுக்குள்ள மண்ணாயிடும்னு எடுத்து வெச்சிட்டம். உங்க தெரு கல்யாணத்துக்கு இது போதும்மா.” சாமியார் பீடத்தில் ஏதோ தேடுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் புரியாமல் இல்லை, அவர்கள் ஊரிலும் தெரு இருக்கிறது. ராஜாத்தி அழவில்லை. கூட்டிய தரையில் வெறுங்காலோடு விறுவிறு என்று நடந்து போய் நின்றாள். சாமல்பட்டிக்குப் புறப்படும்போதுதான் என் கையைப் பிடித்துப் புண்ணைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அண்ணி, இனிமே அத நீங்க தொடாதீங்க.” தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துச் சாமியார் கூப்பிட்டார். ஈரத் தரையில் அடுக்கியதில் கம்பளம் பூஞ்சை பிடித்து, சாக்கட்டி நம்பரும் அழிந்துவிட்டதாம். பிஷப்பு வருவதற்குள் சுத்தம் செய்து விரித்துக் கொடு என்றார். நான், “சாமி, ராஜாத்தி மிதிக்கக் கூடாத கம்பளத்த நான் எப்படி சாமி தொடறது” என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. சின்னப்பர்தான் போட்டார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவர்களே செய்துகொண்டார்கள். வண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோய்ச் சோடாக்காரம் போட்டுத் துவைத்து, பாறைமேல் வெயிலில் காயவைத்தார்கள். அத்தனையும் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. பச்சை திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. பிஷப்பு வெறுந்தரையில்தான் நடந்து வந்தார். இப்போது நான் முதலிலேயே ஏதோ மருந்து போட்டுக் கெடுத்துவிட்டேன் என்று பேச்சு. அதைத் துவைத்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

தவசுகாலம் முதல் ஞாயிறு வரும் இருபத்துமூன்றாம் தேதி. அன்று பூசையில் எல்லார் முன்னாலும் நான் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். உங்கள் பதில் வரும்வரை பொறுப்பதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்காவிட்டால் ஜூன் மாதம் அருள்மேரிக்குக் கன்னியர் மடத்துப் போர்டிங் பள்ளியில் இடம் கிடையாது. அத்தை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. “அவன பட்டாளத்துல சேத்துவுட்டதே சாமியார் குடுத்த கடுதாசிதான், மறந்துட்டியா” என்று கெம்பம்மாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். மறக்கவில்லை. அந்தக் கடிதத்தை நீங்கள் பைபிளுக்குள் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். சாமியார் மனம் நோக நடக்காதே என்று நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவதும் தெரியும்.

அருள்மேரியைக் கெம்பம்மா பிள்ளைகளோடு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம். தூரம்தான், நடப்பாள். அதைப் பற்றி நான் பயப்படவில்லை. நான் பயப்படுவது உங்கள் பதிலுக்குத்தான். ஆண்டவர் முன்னால் தினமும் முழங்கால் போடுகிறேன். சின்னப்பர் முன்னால் போட மனம் வரவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. போடு என்று நீங்கள் எழுதினால் போடுவேன். அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அப்படி எழுதிவிடாதீர்கள். எழுத எதுவும் தோன்றாவிட்டால், உடம்பு சுகம் என்று மட்டும் எழுதுங்கள். எனக்கு அது போதும்.

தேவமாதா உங்களைக் குளிரிலிருந்தும் குண்டிலிருந்தும் காப்பாற்றட்டும்.

உங்கள் கடுதாசிக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
மேரிராணி