ஏழாம் பெட்டுக்கு எழுதாமல் விட்டது

இன்று காலை டியூட்டிக்கு வரும்போது பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் புதுத்தண்ணீர் வாசம் அடித்தது. தஞ்சாவூருக்குத் தண்ணீர் வந்து நாலைந்து நாள் ஆகிறது. கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. முடியவில்லைடி, அதுதான் நிஜம்.

ஆற்றில் தண்ணீர் வந்தால் நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடுவாய். "என்னடி, வீட்டுல காதுகுத்தா?" என்று நான் கேலி செய்வேன். "எங்க வாய்க்கால்ல தண்ணி வருதுடி, கால் நனைக்க வேணாமா?" என்பாய். குத்தாலத்துப் பக்கத்துக்காரிக்கு அதுதான் தீபாவளி. நர்சிங் படிப்பில் தொடங்கி கேன்சர் வார்டு வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் நாம் ஒன்றாகவே இருந்தோம்.

வார்டில் நீ கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாற்றும் நோட்டில் பெட் நம்பர், மருந்து, பிபி எல்லாம் எழுதியபிறகு, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவாய். 'மூணு: நடவு பாதியில நிக்குதுன்னு கவலை.' 'பத்து: பேத்தியைப் பத்திப் பேசினா ரெண்டு வாய் சாப்பிடுவாரு.' "இதெல்லாம் டாக்டர் கேப்பாராடி?" என்பேன். "அவரு கேக்க மாட்டாரு. அடுத்து வர்றவளுக்குத் தெரிய வேணாமா?" என்பாய்.

நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. நேற்று பேசிய வாயை இன்று துணியால் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, அனுப்பி அனுப்பி உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. பெற்றவள் அழுதால்கூட "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றுதான் வாயில் வந்தது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ என்னைத் திட்டவில்லை. என் பெட்டுகளுக்கும் நீயே எழுதினாய்.

அப்புறம் நீயே ஏழாம் பெட்டுக்கு வந்தாய்.

போன வருஷம் இதே ஆனி மாசம். உன் காலடியில் நின்றுகொண்டு அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் ஒப்பித்தேன்: "பெட் ஏழு, நாப்பது வயசு, லிவருக்குப் பரவியிருக்கு, வலி மருந்து நாலு மணிக்கு." கூசாமல் சொன்னேன், பாவி. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "ஓரத்துல எனக்கு என்னடி எழுதின?" என்று சிரித்தாய். நான் ஒன்றுமே எழுதவில்லை. நீயே பேச்சை மாற்றினாய். "எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?"

"தெரியலடி. கையை நீட்டு, பிபி பாக்கணும்."

ஊரில் இருக்கும் உன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. போடவில்லை. மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். நானே உன்னைத் துடைத்தேன், நானே கட்டினேன், நேரத்தைக் குறித்துவிட்டு எட்டாம் பெட்டுக்கு டிரிப் மாற்றப் போனேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நோயைவிட என்னைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு, வேலையே வேண்டாமென்று கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாசமாக அலைகிறேன்.

இன்று ஏழாம் பெட்டில் திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி. நடவுக்குப் போகிறவள். நரம்பு தேடிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து, "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்திருக்குமா பாப்பா?" என்றாள்.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மருந்து ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு அழுதேன் தெரியுமா! உனக்காக, நீ எழுதி நான் எழுதாமல் விட்ட அத்தனை பேருக்காக. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் மகனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். "வந்துடுச்சாம்" என்று அவள் முகம் மலர்ந்தது. பிறகு உன் அண்ணனுக்குப் போட்டேன். "உங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாண்ணே?" என்றேன். "நேத்தே வந்துடுச்சும்மா" என்றார்.

கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. கொடுப்பேனா, கிழிப்பேனா தெரியவில்லை. ஆனால் உன் பென்சில் என் சட்டைப்பையில் இருக்கிறது. போன வருஷத்து நோட்டைத் தேடி எடுத்து, உன் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்.

'ஏழு: வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சான்னு கேட்டா. நேத்தே வந்துடுச்சுடி.'