அடியில கெடக்குற குரல்

செப்டம்பர் 8, திங்கள்

இளஞ்செழியன் வந்திருந்தான். எங்க வீட்டுக்காரவுகளோட கூட்டாளி. அவுக மவுத்தானதுலருந்து நான் இத்தாவுல, வெளி ஆம்பளைக கண்ணுல படாம இருக்கேன்ல, அதனால அவன் உள்ள வரல. அவன் வாசல்ல, நான் கதவுக்கு இந்தப் பக்கம், அவுக அம்மா ஜெய்தூன் மாமி நடுவுல சேர் போட்டு உக்காந்துக்கிட்டாக.

அவுக விட்டுட்டுப் போன பாட்டை முடிக்கணுமாம். டீப் ஹவுஸ்னு சொல்லுவாக. அடியில கனமா அதிருற பேஸ், மேல ஒரே தாளம், கிளப்புல ஆடுறதுக்கு. பெங்களூரு கம்பெனி ஒண்ணு வாங்கி வெளியிடுறேன்னு சொல்லியிருக்கு, இந்த மாசத்துக்குள்ள கேக்குதாம்.

"மிக்ஸிங்தான் பாக்கி அண்ணி. ஹாதியோட ஹார்டு டிஸ்கை மட்டும் தாங்க."

கொடைரோட்டுல அவன் ரூமுலருந்து திரும்பி வாரப்பதான் அவுக பைக் லாரியில மோதுச்சு. அதனால அவன் என் பக்கமே திரும்பல. மாமி டிஸ்கைத் துண்டுல சுத்திக் கொடுத்தாக.

செப்டம்பர் 10

அவுக அண்ணன் பாரூக் வந்தாக. "குடிச்சிட்டு ஆடுறவனுக்கா பாட்டு? ஒவ்வொருத்தன் கேக்கக் கேக்க மவுத்தானவன் கணக்குல பாவம் ஏறும். எல்லாத்தையும் அழிச்சிரு."

மாமி தலையாட்டினாக. நானும் ஆட்டினேன். டிஸ்கு கொடைரோட்டுக்குப் போயிருச்சுன்னு ரெண்டு பேருமே சொல்லல.

செப்டம்பர் 11

நெசமாவே ஏறுமா? யாருகிட்டப் போயி கேக்க?

செப்டம்பர் 13, சனி

இளஞ்செழியன் போனுக்குப் பாட்டை அனுப்பியிருந்தான். அடுப்படியில அரிசி டப்பா மேல வச்சுப் போட்டேன். பேஸே காணோம். டிக் டிக்னு தாளம் மட்டும். அப்புறம் ஒரு பொம்பளை, வார்த்தை இல்லாம ராகம் இழுக்குறா.

நான்தான் அது.

வெங்காயம் உரிக்கும்போது நான் இழுக்குற ராகம். எப்ப எடுத்தாக? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பாவி மனுசா — இப்ப நான் யாரைப் பிடிச்சு வைய?

இளஞ்செழியனுக்குப் போன் போட்டேன். "போன் ஸ்பீக்கர்ல பேஸ் வராது அண்ணி, அதான் உங்க குரல் தனியாக் கேக்குது. கிளப் ஸ்பீக்கர்ல அது அடியில கெடக்கும், யாருன்னே தெரியாது. ஹாதியே அப்படித்தான் ஒளிச்சு வச்சிருந்தான்."

"சனங்க எல்லாம் போன்லதானப்பா கேக்கும்?"

கம்பெனிகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னு வச்சுட்டான்.

செப்டம்பர் 16

கம்பெனிக்கு ரெண்டு வேணுமாம். கிளப்புக்கு நீளமா ஒண்ணு, விக்கிறதுக்குச் சின்னதா ஒண்ணு. சின்னதுல குரல் முன்னாடி வந்து நிக்கணுமாம்.

"குரலைத் தூக்கினா குக்கர் விசிலும் கூடவே வருது அண்ணி, ஹாதி அம்மா இருமுறதும் வருது. சுத்தம் பண்ணினா குரல் தகரம் மாதிரி ஆயிருது. நீங்க இன்னொருக்கா பாடிக் கொடுக்கணும். இல்லையா, பாட்டையே விட்டுருவோம். நீங்க சொல்றதுதான்."

நான் சொல்றதா! அவுக கேக்காம எடுத்தாக. இவன் கேட்டுக் கொல்லுறான்.

பாரூக் அண்ணனுக்கு என் குரல் தெரியாதா? இத்தா முடிஞ்சதும் ஆயக்குடிக்கு, எங்க அம்மா வீட்டுக்கே போயிருன்னு சொல்லிருவாக. பாடலைன்னா அவுக வேலை அந்த டிஸ்குக்குள்ளயே கெடந்து போகும்.

செப்டம்பர் 17

வெங்காயம் உரிச்சேன், ராகம் இழுக்காம.

செப்டம்பர் 19, வெள்ளி

வஞ்சா வையட்டும்னு மாமிகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. ஒனக்குப் பின்னால போனை நீட்டிக்கிட்டு நின்னான். என்னைய வாயை மூடுன்னு சைகை வேற. இருமலை எம்புட்டோ அடக்கிப் பாத்தேன், முடியல."

ஆத்தாளும் மகனும் கூட்டா! எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. ஏன் மாமி எங்கிட்ட சொல்லலன்னேன்.

"சொல்லியிருந்தா நீ பாடிக் கிழிச்சிருப்ப."

சிரிச்சிட்டேன். அவுக போனதுக்கு அப்புறம் இப்பதான். ஒடனே ரெண்டு பேருக்கும் அழுகை.

பாவம்னு சொல்றாகளே மாமின்னு கேட்டேன். "அல்லாவுக்கு எம்புள்ளையத் தெரியும்"னு எந்திரிச்சுப் போயிட்டாக.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியம் லுஹர் தொழுதுட்டு, பாடுடின்னு மாமியே வாசக்கதவைச் சாத்தினாக. ஃபேனை அமத்தினாக. மோட்டாரையும் நிறுத்தினாக. அடுப்படி வெந்து கெடக்கு. என் காதுல அவுக தாளம், கையில போன்.

முத தடவை பாதியிலயே அழுதுட்டேன். "அழுகைய எல்லாம் அனுப்பாத. திரும்பப் பாடு"ன்னாக மாமி.

ரெண்டாவது தடவை கதவு தட்டுற சத்தம். பாரூக் அண்ணன்.

"அவ தலைவலின்னு படுத்திருக்கா. பெறகு வா."

"உள்ள பாட்டுச் சத்தம் கேட்டுச்சேம்மா?"

"பக்கத்து வீட்டுல. போப்பா, வெயில்ல நிக்காத."

வண்டி கெளம்புற வரைக்கும் நான் மூச்சே விடல. மாமி வந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டாக. மூணாவது தடவை முழுசாப் பாடினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மிக்ஸ் முடிஞ்சுச்சாம். கம்பெனி ரெண்டையும் எடுத்துக்கிருச்சு. பாடினவுக பேரு என்ன போட, இல்ல போடாம விட்டுரவான்னு இளஞ்செழியன் எழுதியிருந்தான்.

மாமிகிட்டப் படிச்சுக் காட்டிட்டு மூஞ்சியப் பாத்தேன்.

"என்னைய ஏன் பாக்குற? ஒனக்குப் பேரு இல்லையா?"

பாரூக் அண்ணன் பாப்பாக. பாக்கத்தான் செய்வாக.

ஒவ்வொரு எழுத்தாத் தட்டினேன். அப்துல் ஹாதி. அதுக்குக் கீழ, பாஸிலா. அனுப்பிட்டேன்.