கூட்டிப் போட்ட ஒரு மணி நேரம்

மே 12, ஞாயிறு

நாத்தனாரோடு படகுத்துறைக்குப் போய் வந்தேன். இரண்டு மணி நேரம். காற்று அதிகம், உட்கார இடம் குறைவு. ஐஸ்கிரீம் வாங்கினாள், பாதி அவள் மடிக்குப் போனது.

"வாரம் பூரா தண்ணி ஏறுறதையும் இறங்குறதையும் எழுதிட்டிருக்கீங்க. ஒரு நாளாவது நேர்ல போய்ப் பாத்திருக்கீங்களா அண்ணி?" என்று போன வாரம் கேட்டாள். அதில் தொடங்கியது. பார்த்ததில்லை என்பது உண்மை. துறைமுக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் கணித்து அட்டவணை போடுகிறேன். என் ஜன்னலிலிருந்து தெரிவது கார் நிறுத்துமிடம்.

கோடை முடியும்வரை ஞாயிறுதோறும் ஒரு தண்ணீர்க்கரை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். நாற்பத்து நான்கு வயதில் திடீரென்று இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது?

மே 19, ஞாயிறு

ஆற்றோர நடைபாதை. சைக்கிளுக்கு மணி என்று ஒன்று இருப்பதையே இந்த ஊர் மறந்துவிட்டது.

ஜூன் 2, ஞாயிறு

பழைய மரப்பாலம். "இதோ வந்துடறேன்" என்று போனவள் அரை மணி கழித்து வந்தாள். போன வாரமும் இப்படித்தான். தண்ணீரைப் பார்க்க என்று என்னை இழுத்து வருகிறாள். ஆனால் பார்ப்பதெல்லாம் எதிரே இருக்கும் வீடுகளின் ஜன்னல்களை.

எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

தெரிந்துவிட்டது. கைக்குட்டை கேட்டேன், "பையில எடுத்துக்கோங்க" என்றாள். கைக்குட்டையோடு ஒரு பத்திரிகைத் துண்டும் வந்தது. வாடகைக்கு வீடு. மூன்று விளம்பரங்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம். மூன்றும் ஓரறை வீடுகள். மூன்றும் நாங்கள் இந்த ஒரு மாதத்தில் போன கரைகளில்.

துண்டைத் திரும்ப வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

நியாயம்தானே. மணவாழ்க்கை முறிந்து "ஒரு மாசம் மட்டும்" என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அந்த அண்ணனும் போய் இரண்டு வருடம். அவர் வழியாகத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் உறவு. அவர் இல்லாமல் அவள் எனக்கு யார்? நான் அவளுக்கு யார்?

கேட்கலாம். கேட்டால் "ஆமாம், போறேன்" என்பாள். அப்புறம்?

கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அவளே சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு.

"படகுக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு வீடு பாத்தேன் அண்ணி. சின்னதுதான். மாடில. ஜூலை கடைசிக்குள்ள முடிவு சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்" என்றேன்.

அவள் குழாயை இறுக்கி மூடினாள். ஒருவரைக் கட்டிப் போட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. என் அம்மா அதைத்தான் செய்தாள், அழுது அழுது. பெருந்தன்மையாகத்தான் பேசியிருக்கிறேன். பின் ஏன் இதை இங்கே எழுதி நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 7, ஞாயிறு

மழை. போகவில்லை. இருவரும் வீட்டில், ஆளுக்கொரு அறையில்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நகரத்தின் தென்கோடியில் கலங்கரைவிளக்குப் பாறை. தண்ணீர் இறங்கும்போது கரையிலிருந்து பாறைவரை ஒரு கல்பாதை வெளியே தெரியும். இறக்கத்தின் உச்சத்துக்கு ஒன்றரை மணி முன்பும் பின்பும் நடந்து போகலாம். அட்டவணையில் 10.40. எங்கள் அட்டவணை இயல்பு நேரத்தில்தான் இருக்கும். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைப்பதால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே 11.40. ஒரு மணிக்குள் திரும்பினால் போதும்.

கரையில் அட்டவணைப் பலகை இருந்தது. நிற்காமல் நடந்தேன். நான் போட்ட கணக்கை நானே நின்று படிப்பதா?

பன்னிரண்டு மணி வாக்கில் பாறையிலிருந்த எல்லோரும் கிளம்பினார்கள். நாத்தனார் எழுந்தாள். "உட்காரு. கூட்டத்துக்குக் கணக்கு தெரியாது" என்றேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முக்கால் மணி கழித்து:

"அண்ணி, பாதை மேல தண்ணி நிக்குது."

"நிக்காது. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"அதைத் தண்ணிகிட்ட சொல்லுங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. பொதுமக்கள் குழம்புகிறார்கள், கோடை மாதங்களைக் கடிகார நேரத்திலேயே அச்சிட்டுவிடலாம் என்று இந்த வருடம்தான் முடிவு செய்தோம். அந்தக் கூட்டத்தில் அதை முன்மொழிந்தவள் நான். ஏற்கனவே கூட்டியதன் மேல், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் இன்னொரு முறை கூட்டியிருக்கிறேன்.

துறைமுகத்துக்குப் போன் செய்தேன். படகு வர ஒன்றரை மணி ஆகும் என்றார்கள். என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். மறுமுனையில் இன்னொரு முறை கேட்டார்கள்.

நாத்தனார் சிரித்து முடித்த பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இங்கேருந்து நீங்க எங்கயும் எழுந்து போக முடியாது. இப்ப சொல்லுங்க. நான் போகவா, இருக்கவா?"

நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவள் சிரிப்பு போய்விட்டது. "ஒன்பது வருஷமா இதேதான் அண்ணி. ஜன்னலுக்குத் திரை என்ன கலர்னா உன் இஷ்டம். அண்ணன் போனப்ப நான் இங்கயே இருக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் உன் இஷ்டம். வேண்டாத விருந்தாளிகிட்டதான் அப்படிப் பேசுவாங்க. எப்படா கிளம்புவான்னு."

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

பாறையைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, அட்டவணைப்படி, துல்லியமாக.

படகுக்காரர் வந்ததும் திட்டினார். "கரையில இவ்வளவு பெருசா எழுதி ஒட்டிருக்கே, கண்ணு தெரியாதா?"

"அதை எழுதறவங்களே இவங்கதாங்க" என்றாள் நாத்தனார்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அட்டவணைல தப்பில்ல" என்று சொல்லி இஞ்சினைக் கிளப்பினார்.

ஜூலை 15, திங்கள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்ததும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம். மேசையில் யாரோ உயிர்காக்கும் மிதவைச் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் நாத்தனார் பேசுகிறாள், அளவாக. அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போல. "காபி போட்டிருக்கேன்." "பால் தீந்துடுச்சு."

பதினாறு நாள் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

மூன்று முறை அவள் அறைக் கதவுவரை போனேன். இருக்கச் சொல்லி யாரையும் கேட்டு எனக்குப் பழக்கமே இல்லை. அவரிடம்கூட, ஆஸ்பத்திரியில்கூட— சரி, வேண்டாம்.

அச்சான அட்டவணையில் பிழை கண்டால் எங்கள் பிரிவில் ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதிக்குள்ளும் வைப்போம். இன்று மதியம் ஒன்று அடித்தேன். ஒரே பிரதி.

'திருத்தம்: ஜூன் 23, ஜூலை 14 ஆகிய தேதிகளிலும், அதற்கு முந்தைய ஒன்பது வருடங்களிலும் "உன் இஷ்டம்" என்று வந்துள்ள இடங்களில் "போகாதே" என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.'

நாங்கள் எப்போதும் 'வருந்துகிறோம்' என்றுதான் போடுவோம். அதை 'வருந்துகிறேன்' என்று மாற்றினேன். அவளுடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டேன். பயம்தான்.

ஜூலை 18, வியாழன்

காலையில் சமையலறையில் சீட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. காபியைக் கொடுத்தாள். செருப்பை மாட்டும்போது, திரும்பாமல்:

"ஒரு சந்தேகம். ஜன்னல் திரை என்ன கலர்ங்கிறதுக்கும் 'போகாதே'ன்னா வாசிக்கணும்?"

ஜூலை 31, புதன்

கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லீங்க, அந்த மாடி வீடு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு ஆசைதான்... வீட்டுல விடமாட்டேங்கறாங்க."

அலுத்துக்கொள்வது போல ஒரு குரல். எவ்வளவு பெருமை அதில்!

செப்டம்பர் 8, ஞாயிறு

மீன்பிடித் துறை. நாற்றம் தாங்கவில்லை. அடுத்த வாரத்துக்கு இடம் நான் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். என் அறை, கூடம், அவள் அறை. பாறையில் இறக்கம் 11.20. கரையிலிருந்த பலகையின் முன் என்னை நிறுத்தி, என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, உரக்கப் படிக்க வைத்தாள். பின்னால் ஒரு குடும்பமே நின்று கேட்டது. போனோம், நேரத்தோடு திரும்பினோம்.

வரும் வழியில் துணிக்கடை. கூடத்து ஜன்னலுக்குப் புதுத் திரை வேண்டுமாம். "என்ன கலர் அண்ணி?" என்றாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

"பச்சை."

"ஐயோ, பச்சையா? நல்லாவே இருக்காது!"

பச்சைதான் வாங்கினோம்.