அம்மா உன்னிடம் சிரித்த பதினொரு நிமிடங்கள்

என் மாலினிக்குட்டிக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிறது. உன் ஆவணப்படத்தை முடித்துவிட்டேன். போன மாதம் பத்து பாகாட் ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் திரையிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இறந்துபோனவள்மேல் பொறாமைப்படுகிறவளை நீ பார்த்திருக்கிறாயா?

கூடப் பிறந்தவள் இல்லை என்றாலும் நீ என் தங்கைதான்; கல்யாண வீடியோ எடுக்க நாம் ஒன்றாகத்தானே போனோம்? ஒரே கேமராவை மாற்றி மாற்றித் தூக்கினோம். பிறகு நீ கல்யாணங்களை விட்டுவிட்டு, தையல் தொழிற்சாலைப் பெண்களைப் படம் எடுக்கத் தொடங்கினாய். உன் முதல் குறும்படத்தைக் கோலாலம்பூரில் காட்டினார்கள். "அக்கா, நீங்க வரணும்லா" என்று கூப்பிட்டாய். ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது என்றேன். இல்லை மாலினி. அன்று நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் ஹார்ட் டிஸ்கை என் கையில் வைத்து, "நீங்கதான் முடிக்கணும்க்கா. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றாய். உள்ளே என்ன இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?

என் அம்மா இருபத்தெட்டு வருடம் அந்தத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவர். அவரையும் நீ பேட்டி எடுத்தது தெரியும். வேலையைப் பற்றித்தான் பேசியிருப்பார் என்று நினைத்திருந்தேன். டிஸ்கைப் போட்டால், அம்மா என் பெயரைச் சொல்லித் தொடங்குகிறார்.

"தேவிக்கு அப்ப மூணு வயசு. அவங்க அப்பாவோட சண்ட. பிள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டு ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறிட்டேன். சிங்கப்பூர்ல வேல தேடிக்கிட்டு அப்புறம் பிள்ளைய கூட்டிக்கலாம்னு நெனப்பு. எறங்கினதும் பசி. ஒரு கடையில தனியா உக்காந்து மீ கோரெங் சாப்பிட்டேன். தனியா கடையில சாப்பிட்டது அதான் மொத தடவ. அவ்ளோ ருசி, மாலினி. சாப்பிட்டு முடிச்சதும், பிள்ள சாப்பிட்டுச்சோ என்னமோன்னு ஆயிருச்சு. அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா சிரிக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க.

என்னை விட்டுப் போனார் என்பது வலித்தது. அந்தச் சிரிப்பு அதைவிட வலித்தது. இந்த நாற்பத்தோரு வயதுவரை நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீ படம் எடுத்த மூன்றே மாதத்தில் வாங்கிக்கொண்டாய்.

அம்மா பேசிய அந்தப் பதினொரு நிமிடத்தையும் வெட்டி எடுத்துவிட்டேன். படம் நீளமாகிவிட்டது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

திரையிடலுக்கு அம்மா பச்சைப் பட்டுச்சேலை கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவரோடு தைத்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்தபோது கைதட்டினார். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"நான் வரலையே தேவி. நான் சரியா பேசலையா?" என்று கேட்டார்.

காரில் திரும்பும்போது சொல்லிவிட்டேன். "நான்தாம்மா வெட்டினேன். என்கிட்ட ஒரு நாளும் சொல்லாதத அவகிட்ட ஏன் சொன்னீங்க?"

அம்மா சேலைத் தலைப்பை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "அவ கேட்டுட்டு சும்மா இருந்தா. நீ நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தெரியும்மா, தெரியும்மான்னுடுவ" என்றார். குரலில் கோபம் இல்லை.

எனக்குத் "தெரியும்மா" என்றுதான் வாயில் வந்தது. அடக்கிக்கொண்டேன். காரை ஓரம் கட்டி, "அந்தக் கடை எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். மேசை நிறம், கடைக்காரரின் பேச்சு, பஸ் நிலையத்தின் இரைச்சல் எல்லாம் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. எப்படி வாங்கினாய், மாலினி?

அடுத்த மாதம் பாலோ ஊரில் படத்தைக் காட்டுகிறோம். பதினொரு நிமிடமும் அதனதன் இடத்தில் இருக்கும். இயக்கம் என்று வரும் இடத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் என் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒருநாள் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் இனி கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. பொறாமை போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

பெற்ற அம்மாவை உன்னோடு பங்குபோட்டுக்கொள்ளும்
உன் அக்கா,
தேவி