ரெண்டு, மூணு, ரெண்டு

அன்புள்ள என்னவருக்கு,

போனில் சொன்னால் பாதியில் வெட்கம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டேன்!

போன டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து வந்த நீங்கள், புழுக்கம் என்று சொல்லி ஹால் கட்டிலில் படுத்தீர்கள். மார்கழியில் என்ன புழுக்கம் என்று நான் கேட்கவில்லை; என் வாய் நாற்றம் எனக்கே தெரியும். நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே குமணன்சாவடிப் பல் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதென்று கீழ்வரிசைப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோகாமல் இருந்தேன் அல்லவா? "ரத்தம் வர்ற எடத்தத்தாம்மா மெதுவா தேய்க்கணும். நீ விட்டுவெச்ச அழுக்குதான் கல்லாகி ஈறைக் கெடுத்திருக்கு" என்று ஒரு பிடி பிடித்தார். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்தார். ஆறு மில்லிமீட்டர் பள்ளம்! மூன்றைத் தாண்டக் கூடாதாம். மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு தடவையாக வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்.

நேற்று மறுபடி அளந்தார். "ரெண்டு, மூணு, ரெண்டு" என்று அவர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இன்று கோயில் பாடகர் குழுவில், இத்தனை நாள் வாயை மறைத்துப் பிடித்த பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் பாடினேன். "இன்னாடி, பொஸ்தகம் இல்லாமயே பாடிகினு கீறே!" என்றாள் பக்கத்து வீட்டு எவாஞ்சலின். எல்லாப் பாட்டும் எனக்கு எப்போதுமே மனப்பாடம்தான்.

இந்த டிசம்பரில் வாருங்கள். ஹால் கட்டிலை எவாஞ்சலினுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாய்விட்டுச் சிரிக்கும் உங்கள் மனைவி